ரெண்டு காங்கிரஸும் நம்ம ஊர் ஆஸ்பத்திரியும்



போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அமெரிக்காவிலிருந்து ஒரு போன். 1993-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது தாண்டிவிட்டது. "டீச்சர், இங்க இன்சூரன்ஸ் பிரீமியம் ஏகத்துக்கும் ஏறிடுச்சு. காங்கிரஸ்ல அடிச்சுக்கிறாங்க. வேலை போச்சுன்னா இன்சூரன்ஸும் சேர்ந்து போயிடும். அப்பாவை இங்க கூட்டிட்டு வரவே பயமா இருக்கு" என்றான்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு 88 வயது, காது மட்டும் பாம்புக் காது. "இன்னாம்மா, காங்கிரஸ் அங்கயும் கீதா? நான் மொத ஓட்டு ரெட்டைக் காளைக்குத்தான் போட்டேன்" என்றார். அந்தப் பையன் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரித்து முடித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. அத்தை கேட்டது அப்படி ஒன்றும் தப்பில்லை. அங்கே காங்கிரஸ் என்றால் நாடாளுமன்றம். இங்கே காங்கிரஸ் என்றால் ஒரு கட்சி. ஆனால் இரண்டு இடத்திலும் சபையில் உட்கார்ந்திருந்த உறுப்பினர்கள், ஏழைக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது என்ற ஒரே கேள்வியைத்தான் விவாதித்தார்கள். நம் பக்கத்தில் நடந்ததை நம்மில் பலர் மறந்துவிட்டோம். நானும் உங்களுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அந்தக் குறை எனக்கு ஏன் உறுத்துகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

முதலில் அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். எல்லோருக்கும் பொதுவான மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று அதிபர் ட்ரூமன் 1945 நவம்பரிலேயே காங்கிரஸைக் கேட்டார். டாக்டர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்தது, நடக்கவில்லை. இருபது வருஷம் கழித்து, 1965 ஜூலை 30 அன்று, வயதானவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட் என்ற இரண்டு திட்டங்களுக்கு ஜான்சன் கையெழுத்துப் போட்டார். வாஷிங்டனில் போடவில்லை. முதியவராகிவிட்ட ட்ரூமனின் ஊருக்கே போய், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டார். அதற்குப் பிறகு 2010 மார்ச்சில் ஒபாமா காலத்துச் சட்டம் வந்தது. கீழ்ச்சபையில் ஆதரவு 219, எதிர்ப்பு 212. ஏழே ஓட்டு! 2017 ஜூலையில் அந்தச் சட்டத்தின் முக்கியமான பகுதிகளை நீக்க முயன்றபோது, மூளையில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் சபைக்கு வந்த மெக்கெயின் என்ற உறுப்பினர், தன் சொந்தக் கட்சிக்கு எதிராகக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். 49-க்கு 51 என்று முயற்சி தோற்றது. 2025 அக்டோபரில் தொடங்கி 43 நாள் அங்கே அரசு அலுவலகங்கள் முடங்கிக் கிடந்ததற்கும் இந்தக் காப்பீட்டு மானியச் சண்டைதான் பெரிய காரணம். நம் பையன் புலம்புவது இதைத்தான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

1919-இல் வந்த இந்திய அரசுச் சட்டத்தில் வெள்ளைக்காரன் ஒரு வேலை செய்தான். போலீஸ், நிதி மாதிரி கனமான இலாகாக்களைத் தன் கையில் வைத்துக்கொண்டான். கல்வி, சுகாதாரம், மருத்துவம் இவற்றை இந்திய மந்திரிகளிடம் தள்ளிவிட்டான். பணம் அவனிடம், பொறுப்பு இவர்களிடம். ஆனாலும் கிடைத்ததை வைத்துச் சென்னை மாகாணத்தில் சிலர் வேலை செய்தார்கள். பனகல் அரசர் ஆட்சியில் கிராமத்துக்குப் போய்த் தங்கும் டாக்டர்களுக்கு உதவித்தொகை தரும் திட்டம் வந்தது. கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. பெண்களும் ஓட்டுப் போடலாம் என்று 1921-இல் தீர்மானம் போட்டதும் நம் சென்னைச் சட்டசபைதான். இந்தியாவில் பிரிட்டிஷ் மாகாணச் சபைகளில் அதுதான் முதல்.

அந்த வாசல் வழியாகத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1926-இல் உள்ளே வந்தார். புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். சபையின் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்று மட்டும்தான் நம் பாடப் புத்தகம் அவரைப் பற்றிச் சொல்கிறது. அவர் சபையில் கேட்ட மற்ற விஷயங்களைக் கவனியுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒழுங்காக மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். என் வகுப்பில் வருஷத்துக்கு ஒரு முறை நர்சம்மா வந்து உங்கள் கண்ணையும் பல்லையும் பார்த்துக் கார்டில் எழுதிவிட்டுப் போவார், நினைவிருக்கிறதா? ஊசி போடுவார்களோ என்று பெஞ்சுக்கு அடியில் ஒளிந்தவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் தெரியும், பெயர் சொல்லவில்லை. அந்தக் கார்டுக்காக ஒரு பெண் உறுப்பினர் நூறு வருஷத்துக்கு முன்பே சபையில் எழுந்து நின்று பேசியிருக்கிறார்.

1930-இல் காந்தி கைதானபோது முத்துலட்சுமி அம்மையார் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். வேலையை விடவில்லை. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையை மறக்காமல் வைத்திருந்து, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிக் காட்டினார். ஆரம்பித்தபோது 12 படுக்கைகள். இன்று பொன்னேரியிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் எத்தனை பேர் ரயிலேறி அங்கே போய் வருகிறார்கள்!

அடுத்து 1937. தேர்தலில் காங்கிரஸ் 215 இடங்களில் 159 ஜெயித்தது. எல்லோருக்கும் ஓட்டு இல்லை, சொத்தும் வரியும் படிப்பும் இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. ராஜாஜி பிரதமர். அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். சுகாதார மந்திரியாக வந்தவர் டாக்டர் தி.சே.சௌ. ராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர். பர்மாவில் வேலை பார்த்து, லண்டன் போய்ப் படித்து வந்த டாக்டர். 1930-இல் வேதாரண்யம் உப்பு யாத்திரை புறப்பட்டதே திருச்சியில் இவர் வீட்டிலிருந்துதான். ஸ்டெதஸ்கோப்பும் பிடித்து, ஜெயிலுக்கும் போய் வந்த கை.

இந்த மந்திரிசபை கொண்டுவந்ததுதான் 1939-ஆம் வருஷத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவிலேயே இப்படி முழுமையாக வந்த முதல் சட்டம் இது. இதில் ஆஸ்பத்திரியைப் பற்றியதைவிட மற்ற விஷயங்கள்தான் அதிகம். குடிதண்ணீர், சாக்கடை, கக்கூஸ், கொசு, தொற்றுநோய் வந்தால் தகவல் தருவது, தாய் சேய் நலம், சந்தை, திருவிழா. நோய் வந்த பிறகு பார்ப்பது ஒரு வேலை, வராமல் தடுப்பது இன்னொரு வேலை, இரண்டாவதுக்கும் சட்டம் வேண்டும் என்று அந்த உறுப்பினர்கள் நினைத்தார்கள்.

திருவிழாவுக்கு எதற்கு சுகாதாரச் சட்டம் என்று கேட்கிறீர்களா? என் மாமியாரைக் கேளுங்கள். நம் ஊரில் சித்திரையில் கரிகிருஷ்ண பெருமாளும் அகத்தீஸ்வரரும் சந்திக்கும் திருவிழாவுக்கு அந்தக் காலத்தில் கட்டை வண்டி கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வரும். ஆரணியாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடிப்பார்கள், அங்கேயே மற்ற எல்லாமும். அத்தையின் அக்கா ஒருத்தி, ஒன்பது வயசு. திருவிழா பார்த்துவிட்டு வந்த மறுநாள் ராத்திரி வாந்திபேதி கண்டு விடிவதற்குள் போய்விட்டாள். அத்தை அப்போது கைக்குழந்தை. அக்காவின் முகம் அவருக்குத் தெரியாது. ஆனால் "திருவிழாத் தண்ணி குடிக்காதே" என்று அவங்க அம்மா ஆயுசு முழுக்கச் சொன்ன வார்த்தை தெரியும். இன்றும் சித்திரைத் திருவிழாவுக்கு இந்த வீட்டிலிருந்து கிளம்பும் பிள்ளைகள் கையில் அத்தை பாட்டில் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவார்.

எனக்கு விவரம் தெரிந்த வயதில், திருவிழாவுக்கு முன்னால் சுகாதார ஆய்வாளர் சைக்கிளில் வந்து கிணறுகளில் வெள்ளைப் பொடி போடுவார். காலரா ஊசி போட வரிசையில் நிற்கவைப்பார்கள். பிள்ளைகள் நாங்கள் அவரைப் பார்த்தால் ஓடுவோம். அவர் பின்னால் ஒரு சட்டம் நின்றுகொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ராஜாஜி மந்திரிசபை 1939 அக்டோபரிலேயே ராஜினாமா செய்துவிட்டது. இந்தியரைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டார்கள் என்பது காரணம். மந்திரிகள் போனார்கள், சட்டம் நின்றது. 2020-இல் கொரோனா வந்தபோது முகக்கவசம் போடாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் என்று போட்டார்களே, அதற்காகத் திருத்தியதும் இதே 1939 சட்டத்தைத்தான். 81 வயசான சட்டம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வேலைக்கு வந்தது!

அந்தச் சட்டத்தில் இன்னொரு விதியும் வைத்தார்கள். நகராட்சி தன் வருமானத்தில் முப்பது சதவீதத்துக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது. நம் பொன்னேரி 2021-இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சி ஆனது. கவுன்சிலராக இருப்பவர்களில் என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் அந்தக் கணக்கைக் கேளுங்கள். டீச்சர் சொன்னதாகவே சொல்லுங்கள், பரவாயில்லை.

அடுத்த கட்டம் தொழிலாளர்களுடையது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் போகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

1943-இல் இரண்டு வேலைகள் நடந்தன. ஜோசப் போர் என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். நம் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். காசில்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் இல்லாமல் போகக்கூடாது என்பது அந்தக் குழுவின் அடிப்படை. முதல் கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று 1946-இல் அறிக்கை கொடுத்தது. நம் கிராமங்களில் நாம் பார்க்கும் பி.எச்.சி.க்கு விதை அதுதான். அதே 1943-இல் பேராசிரியர் அடார்க்கர் என்பவரிடம் ஆலைத் தொழிலாளர் காப்பீட்டுக்குத் திட்டம் கேட்டார்கள். அவர் 1944-இல் கொடுத்தார். அப்போது தொழிலாளர் துறையைக் கவனித்தவர் டாக்டர் அம்பேத்கர். அடுத்து அந்தத் துறைக்கு வந்த ஜகஜீவன்ராம் மசோதாவைச் சபைக்குக் கொண்டுவந்தார். 1948 ஏப்ரலில் இ.எஸ்.ஐ. சட்டம் நிறைவேறியது.

அதே 1948 ஜூலை 5 அன்று இங்கிலாந்தில் எல்லோருக்கும் இலவச மருத்துவச் சேவை தொடங்கியது. அதைக் கொண்டுவந்த மந்திரி அனூரின் பெவன், பதிமூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனவர். பிரிவினை, அகதிகள், காந்தி கொலை, இத்தனைக்கும் நடுவில் இருந்த நம் நாடும் அதே வருஷத்தில் ஆலைத் தொழிலாளிக்கு ஒரு மருத்துவச் சட்டம் போட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. நம் மாநிலத்தில் 1955-இல் கோயமுத்தூரில்.

இனி என் குறையைச் சொல்கிறேன்.

2022-இல் ஒரு நாள் சாயங்காலம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஆலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மாதச் சம்பளம் 14,000. அவன் மனைவிக்குப் பித்தப்பையில் கல். வலி தாங்காமல் துடித்திருக்கிறாள். இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொண்டு போனால், "இந்த நம்பருக்கு மாசக் கணக்கா பணமே கட்டலையேப்பா" என்று சொல்லியிருக்கிறார்கள். கான்ட்ராக்டர் சம்பளத்தில் பிடித்திருக்கிறார், கொண்டுபோய்க் கட்டவில்லை. இவன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, மேலே வட்டிக்கு வாங்கி, தனியார் ஆஸ்பத்திரியில் 60,000 ரூபாய் செலவழித்து ஆபரேஷன் பண்ணிவிட்டான். எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் வந்தான்.

சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். இ.எஸ்.ஐ. 105 ரூபாய் என்று போட்டிருந்தது. "இது எப்படி வந்துச்சுன்னு தெரியுமாடா?" என்று கேட்டேன். "தெரியாது டீச்சர், பிடிக்கிறாங்க" என்றான். ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 14,000-க்கு 105. முதலாளி பங்கு 3.25 சதவீதம், 455. ஆக மாதம் 560 ரூபாய் அவன் பெயரில் போயிருக்க வேண்டும்.

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சதவீதக் கணக்குல நீங்க எனக்கு நூத்துக்கு நூறு போட்டீங்க டீச்சர். இந்தக் கணக்கு இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றான். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முப்பத்து மூன்று வருஷம் பாடம் நடத்தினேன். மாம்பழ வியாபாரிக்கு எத்தனை சதவீதம் லாபம் என்று ஆயிரம் கணக்குப் போடவைத்தேன். சோழர் பாண்டியர், பானிபட் போர், சுதந்திரப் போராட்டம் எல்லாம் சொன்னேன். நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் சிப்காட்டுக்குத்தான் வேலைக்குப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். 1948-இல் உங்களுக்காக ஒரு சட்டம் போட்டார்கள், உங்கள் சம்பளச் சீட்டில் இந்த வரியைப் பாருங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்பது உண்மைதான். அது எனக்கே சமாதானமாக இல்லை.

மறுநாள் என் தம்பிக்குத் தெரிந்த தொழிற்சங்கக்காரர் ஒருவரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் ஆலை நிர்வாகம்தான் பொறுப்பு. முதலில் கட்டவேண்டிய கடமையே முதன்மை முதலாளியுடையது, அவர் பிறகு கான்ட்ராக்டரிடம் வசூல் பண்ணிக்கொள்ளலாம். முதலாளி கட்டாத குற்றத்துக்காகத் தொழிலாளி சலுகையை இழந்தால், இ.எஸ்.ஐ. கழகமே கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கவும் சட்டத்தில் வழி இருந்தது. எழுதிக் கொடுத்தோம். சில மாதம் அலைந்தான். கடைசியில் அவனோடு சேர்த்து 11 பேருக்கு நிலுவை கட்டப்பட்டது. அவன் செலவழித்த 60,000 திரும்பி வரவில்லை. சங்கிலி மட்டும் போன தையில் மீட்டுவிட்டதாகச் சொன்னான்.

இந்த 1948 சட்டம் இப்போது தனிச் சட்டமாக இல்லை. 2020-இல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற பெரிய சட்டத்துக்குள் அதைச் சேர்த்துவிட்டார்கள். 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இ.எஸ்.ஐ. என்ற பெயரும் அட்டையும் தொடர்கின்றன. ஆனால் அந்தச் சட்டம் 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய விதத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனா காலம், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்து வெளியே இருந்தன. கோடிக்கணக்கான தொழிலாளர்களைப் பற்றிய சட்டம் எதிர்க் கேள்வி கேட்க ஆளில்லாமல் நிறைவேறியது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் ஏழு ஓட்டில் ஒரு சட்டம் பிழைத்தது என்றால், அத்தனை பேரும் சபையில் இருந்து ஓட்டுப் போட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

நம் மாநிலத்தில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் ஜெயலலிதா அம்மையார் தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கின்றன. இரண்டையும் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் திட்டம் வரும், பெயர் மாறும். சட்டமாக எழுதப்பட்டது மட்டும்தான் உரிமையாகக் கேட்க முடிகிறது. 1939-இலும் 1948-இலும் உறுப்பினர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனதால்தான் என் மாணவன் மனு எழுத முடிந்தது.

ஆகவே உங்களுக்கு மூன்று வீட்டுப்பாடம். ஒன்று, உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், அந்தப் பணம் கட்டப்படுகிறதா என்று இந்த வாரமே பாருங்கள். செல்போனில் உமங் செயலியிலேயே பார்க்கலாம். இரண்டு, வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால், அந்தச் சீட்டை வைத்து ஒரு சதவீதக் கணக்குப் போடவையுங்கள். மூன்று, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், ஆஸ்பத்திரிக்காகவும் தண்ணீருக்காகவும் சபையில் என்ன கேள்வி கேட்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதை எழுதி முடித்ததும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "எங்க அக்கா பேரை எழுதலையே?" என்றார். பெயர் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அம்மா அவளைப் பாப்பான்னுதான் சொல்லும். பேரு எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

அதையும் எழுதிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பொன்னேரி